கப்பல்காரியின் வீட்டுக்காரன்

அந்த அழைப்பு வந்தபோது நான் அம்பத்தூர் எஸ்டேட்டில், எங்கள் பட்டறையின் பரிசோதனை மேசை முன்னால் நின்றிருந்தேன். ஒரு கையில் லேத்திலிருந்து சூடு ஆறாமல் வந்த புஷ் என்கிற உலோக வளையம், மறு கையில் மைக்ரோமீட்டர். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டேன். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், எழுதிவைத்ததைப் படிப்பதுபோல வேகமாகச் சொன்னது: "வணக்கம் மேடம். உங்க ஹஸ்பண்ட் வேலை செய்யற கப்பல் கம்பெனியிலேருந்து பேசறோம்."

"நான்தான் ஹஸ்பண்ட்," என்றேன்.

காகிதம் புரளும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அப்போ கப்பல்ல இருக்கறது?"

"என் ஒய்ஃப்."

அவர் இரண்டு முறை மன்னிப்புக் கேட்டார். கம்பெனி தன்னிடம் வேலை செய்கிறவர்களின் குடும்பங்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் கூட்டிப் பேசப்போகிறதாம், சாப்பாடும் உண்டாம், அவசியம் வரவேண்டுமாம். வருகிறேன் என்று சொல்லிவிட்டு புஷ்ஷின் அளவை மறுபடி எடுத்தேன். முதலில் எடுத்தது மறந்துபோயிருந்தது.

என் மனைவி சரக்குக் கப்பலில் மின் அதிகாரி. ஜெனரேட்டர், கிரேன், குளிர்பதன அறை, அபாய மணி என்று கப்பலில் மின்சாரம் ஓடுகிற எதற்கும் அவள்தான் பொறுப்பு. அவளுடைய அப்பா ஆவடியில் டாங்கி செய்கிற தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். இவள் பூந்தமல்லி தாண்டி ஒரு கல்லூரியில் படித்துவிட்டு, கொஞ்ச காலம் எங்கள் எஸ்டேட்டிலேயே பேனல் போர்டு செய்கிற கம்பெனியில் இருந்தாள். எங்கள் பட்டறையில் ஒரு மெஷின் நின்றுபோனபோது அதைப் பார்க்க வந்தாள். நான் உதவியாக நீட்டிய டார்ச்சை வாங்கிப் பார்த்து, என் கையிலேயே திருப்பிக் கொடுத்து, "இங்க பிடிங்க, ஆடாம பிடிங்க" என்றாள். மூன்று மணி நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கதை அப்படித்தான் ஆரம்பித்தது.

கல்யாணத்துக்கு முன்பே அவளுக்குக் கப்பல் வேலை கிடைத்துவிட்டது. போய்ப் போய்த்தான் வருவேன், ஒத்துக்கொள்வதாக இருந்தால் பேசு என்று முதலிலேயே சொல்லிவிட்டாள். ஒத்துக்கொண்டேன். எதற்கு ஒத்துக்கொண்டேன் என்பது மகள் பிறந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மகளுக்கு ஒன்றரை வயதானபோது அவள் மறுபடி கப்பலேறினாள். ஆறு மாதம். வந்து மூன்று மாதம் வீட்டில் இருந்தாள். பிறகு இன்னொரு ஆறு மாதம். நாங்கள் முத்தாபுதுப்பேட்டையில் வாடகை வீட்டில் இருந்தோம். காலையில் மகளைத் தெருக்கோடியில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிற அம்மாவிடம் விட்டுவிட்டு, ஆவடி வரை பைக், அங்கிருந்து ரயில், பட்டரவாக்கத்தில் இறங்கி நடை. நைட் ஷிஃப்ட்டையும் ஓவர்டைமையும் விட்டுவிட்டேன். தெருவில் முதலில் எல்லாரும் அவள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டதாக நினைத்தார்கள். கப்பலில் இருக்கிறாள் என்று சொன்ன பிறகும் மளிகைக்கடைக்காரர் மட்டும், "இன்னா சார், ஊட்ல சமாதானம் ஆயிட்டாங்களா?" என்று வெகுநாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த இரண்டாவது ஆறு மாதம் ஆறில் முடியவில்லை. அவளுக்குப் பதிலாக ஏறவேண்டிய ஆள் கிடைக்கவில்லை. அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுகிறோம் என்றார்கள். அந்தத் துறைமுகம் வந்தது, அதற்கடுத்ததில் என்றார்கள். எட்டாவது மாதம் நடந்துகொண்டிருந்தது. அவள் வீடியோவில் கூப்பிட்டால் மகள் ஒரு பார்வை பார்த்துவிட்டு விளையாடப் போய்விடுவாள். ஒரு நாள் நான் போனைக் கொண்டுபோய் முகத்துக்கு நேராகப் பிடித்தேன். மகள் தலையை நிமிர்த்தாமலே, "அப்புறம் பேசறேன்னு சொல்லு" என்றாள். பட்டறையிலிருந்து கூப்பிடுகிறவர்களிடம் நான் சொல்கிற அதே குரல். என் மனைவி சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை. "போதும்ப்பா," என்றாள். "இதோட போதும்."

அந்த வார்த்தையைக் கேட்டபோது எனக்கு வருத்தமாக இருந்தது என்று எழுதினால் பொய். நிம்மதியாக இருந்தது. அன்று மகளுக்குச் சோறு ஊட்டும்போது எனக்கே தெரியாமல் பாடிக்கொண்டிருந்தேன்.

கூட்டத்துக்கு அழைப்பு வந்தது அதற்கடுத்த வாரம். மனைவியிடம் சொன்னபோது, 'மேடம்' என்று என்னை அழைத்ததைக் கேட்டு நெடுநாள் கழித்துச் சிரித்தாள். போய்விட்டு வா, மாற்று ஆள் எப்போது வருவான் என்று நேரிலேயே கேள் என்றாள்.

ஞாயிறன்று மகளைப் பைக்கில் முன்னால் உட்காரவைத்து, பருத்திப்பட்டு வழியாகக் கரையான்சாவடி போய்ச் சேர்ந்தேன். மண்டபத்தில் அறுபது, எழுபது பெண்கள் இருந்தார்கள். ஆண் என்று பார்த்தால் மைக் செட்காரர், கம்பெனி ஆட்கள், நான். வாசல் மேசையில் எல்லாருக்கும் சட்டையில் குத்திக்கொள்ள ஓர் அட்டை கொடுத்தார்கள். எல்லா அட்டையிலும் 'திருமதி' என்று முன்பே அச்சடித்திருந்தது. மேசையில் இருந்த பெண்ணின் குரலைக் கேட்டதும் போனில் பேசியவர் என்று தெரிந்தது. அவருக்கும் தெரிந்துவிட்டது. முகம் சிவக்க, பேனாவால் 'மதி'யை அடித்துக் கொடுத்தார்.

கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். பக்கத்து நாற்காலியில் கறுப்பு பர்தா அணிந்த, நாற்பதைத் தாண்டிய ஓர் அம்மா இருந்தார். என் அட்டையைப் படித்துவிட்டு என் மகளைப் பார்த்தார், பிறகு என்னை.

"இன்னா தம்பி, ஊட்டுக்காரம்மாவா கப்பல்ல கீது?"

ஆமாம் என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்லதாப் போச்சு. எங்க பாடு இன்னான்னு ஒரு ஆம்பளைக்காச்சும் தெரியட்டும்."

பூந்தமல்லிக்காரர். வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறார். அவருடைய கணவர் போசன், அதாவது கப்பலின் மேல்தளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மேஸ்திரி. கல்யாணமாகிப் பதினேழு வருடத்தில் கணவரோடு சேர்ந்தாற்போல் இருந்தது ஐந்து வருடம்கூடத் தேறாது என்றார். ஆரம்பத்தில் ஆபீஸ் சொன்ன தேதியை நம்பி கறி வாங்கி, சமைத்து, சொந்தக்காரர்களையும் கூப்பிட்டுவிடுவாராம். ஆள் வராமல் அந்தச் சாப்பாட்டைத் தெருவுக்கே கொடுத்திருக்கிறார், இரண்டு முறை. இப்போதெல்லாம் கணவர் விமான நிலையத்தைவிட்டு வெளியே வந்து போன் செய்த பிறகுதான் கசாப்புக் கடைக்கே போகிறாராம். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே என் மகளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். மகளும் மறுப்பேதும் சொல்லாமல் அவருடைய கைப்பையைக் குடைய ஆரம்பித்தாள்.

மேடையில் பேசியவர் கம்பெனியின் மேலாளர். முன்பு கேப்டனாக இருந்தவராம். நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். ஆள் சேர்ப்பதைவிடச் சேர்ந்தவர்களை நிறுத்திவைப்பதுதான் பெரிய பாடாக இருக்கிறது என்றார். ஒருவர் ஒரு கப்பலை முழுதாகப் புரிந்துகொள்ளும் நேரத்தில் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். ஏன் போகிறீர்கள் என்று படிவத்தில் கேட்டால் எல்லாரும் ஒன்றையேதான் எழுதுகிறார்கள், குடும்பக் காரணம். அதனால்தான் குடும்பங்களையே கூப்பிட்டுப் பேசலாம் என்று நினைத்தோம் என்றார்.

மண்டபத்தில் சலசலப்பு எழுந்தது. அவர் அப்படி நினைத்துச் சொன்னாரோ இல்லையோ, குற்றவாளிகளை அழைத்து விருந்து வைப்பதுபோல இருந்தது எங்களுக்கு. பூந்தமல்லி அக்கா என் மகளை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். மைக் வரும்வரை காத்திருக்கவில்லை.

"சார், வர்ற தேதி தெரியலன்னா தெரியலன்னு சொல்லுங்க. அடுத்த போர்ட்டு, அடுத்த போர்ட்டுன்னு சொல்லாதீங்க. ஆறு மாசம்னா ஆறு மாசம் நாங்க இருந்துக்கறோம். ஆறுன்னு சொல்லிட்டு எட்டாக்குறீங்க பாருங்க, அந்த ரெண்டு மாசத்துலதான் சார் இந்த வேலையே வாணாம்னு தோணுது."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மேலாளர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். பிறகு பின்வரிசையில் ஓர் ஆண் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து, நீங்களும் ஏதாவது சொல்லுங்கள் என்றார். யாரோ மைக்கைக் கொண்டுவந்து நீட்டினார்கள். மாற்று ஆளைப் பற்றிக் கேட்கத்தான் எழுந்தேன்.

"என் ஒய்ஃப் இந்தத் தடவையோட நின்னுடப் போறாங்க சார்," என்றேன். "ஃபார்ம்ல அவங்களும் குடும்பக் காரணம்னுதான் எழுதுவாங்க. அந்தக் குடும்பம் நான்தான். நான் போகவேணாம்னு சொல்லல."

மேலாளர் குறிப்பேட்டை மூடிவிட்டு நிமிர்ந்தார். என்ன செய்தால் அவர் இருப்பார் என்று கேட்டார். கேலியாக இல்லை, உண்மையாகவே கேட்டார். வாயைத் திறந்தேன். தெரியவில்லை சார் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். என் பையிலும் ஒரு சேலை இருந்தது. அக்கா எல்லாருடைய போன் எண்ணையும் வாங்கி, அங்கேயே ஒரு வாட்ஸ்அப் குழு ஆரம்பித்தார். என்னைச் சேர்க்கலாமா என்று யாரிடமும் கேட்கவில்லை, சேர்த்துவிட்டார். வீடு திரும்பும் வழியெல்லாம் மேலாளரின் கேள்வியே காதில் இருந்தது. கம்பெனி மட்டுமா அதை அவளிடம் கேட்கவில்லை? நானும்தான் அவளிடம் கேட்டதில்லை.

மறுநாள் மதியம் அவள் கூப்பிட்டாள். குரலிலேயே தெரிந்துவிட்டது. நீங்கள் விலகப்போவதாக அறிந்தோம் என்று ஆபீஸிலிருந்து அவளுக்கு ஒரு மின்னஞ்சல் போயிருக்கிறது.

"நான் எப்போ ராஜினாமான்னு சொன்னேன்? போதும்னு சொன்னேன். கால் வலிச்சா உக்காரணும்னு சொல்ல மாட்டோமா? அதுக்காக இனிமே நடக்கவே மாட்டேன்னு அர்த்தமா?"

நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன். அவள் நிறுத்தினாள்.

"நீ அதைக் கேக்கறதுக்குன்னே காத்துகினு இருந்தியா?"

அவள் போனை வைத்துவிட்டாள்.

இரண்டு நாள் எங்களுக்குள் மகள் சாப்பிட்டாளா, சாப்பிட்டாள் என்பது தவிர வேறு பேச்சில்லை. மூன்றாம் நாள் ரயிலில் நின்றுகொண்டே அவளுக்கு நீளமாக எழுதினேன். நீ போதும் என்றபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை மறைத்துவிட்டேன் என்று எழுதினேன். களைப்பாக இருக்கிறது என்றும், ஆனால் வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்து நீ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதையும் என்னால் தாங்க முடியாது என்றும் எழுதினேன். கடைசியில் மேலாளர் கேட்டதை நானும் கேட்டேன். என்ன செய்தால் இருப்பாய்? எழுதி முடித்து நிமிர்ந்தபோது பட்டரவாக்கம் தாண்டிப் போயிருந்தது. கொரட்டூரில் இறங்கித் திரும்பி வந்தேன்.

அன்று மாலை அவளுடைய குரல் பதிவு வந்தது. பின்னணியில் இயந்திரங்களின் இரைச்சல். புதுப் புதுக் கப்பலாக ஏற்றிவிடுவதுதான் தன்னை வதைக்கிறது என்றாள். ஒவ்வொரு கப்பலிலும் முன்னால் இருந்தவர் எந்த ஒயரை எங்கே மாற்றிக் கொடுத்திருக்கிறார் என்று கண்டுபிடிக்கவே ஒரு மாதம் ஆகிறது. ஒரே கப்பலுக்குத் திரும்பத் திரும்பப் போகவேண்டும், தெரிந்த கப்பலென்றால் நான்கு மாதம் போதும். "அப்புறம், நான் எப்போ வீட்டுக்கு வருவேன்னு எனக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

இதை மேலாளரிடம் நான் சொல்லவில்லை. ஒரு முறை பட்டது போதும். நீயே எழுது என்றேன். எழுதினாள். அவர் இரண்டு நாளில் பதில் போட்டார். யோசனை நல்லதுதான், ஆனால் நீங்கள் இறங்கும்போது ஏறவும், நீங்கள் ஏறும்போது இறங்கவும் இன்னொரு மின் அதிகாரி வேண்டும். கப்பலில் இருக்கிற மாதங்களுக்குத்தான் சம்பளம் என்பதால் நான்கு மாதக் கணக்குக்கு யாரும் வருவதில்லை. தேடிப் பார்த்தேன், ஆள் இல்லை.

அன்று நானாகவே ஒரு காரியம் செய்தேன். அக்காவின் குழுவில் அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தவன், முதல்முறையாக எழுதினேன். யாருடைய வீட்டுக்காரராவது மின் அதிகாரியாக இருக்கிறாரா, நான்கு மாதத்துக்கு ஒத்துக்கொள்வாரா? சாப்பாட்டு நேரத்துக்குள் பதில் வந்துவிட்டது. திருமழிசையிலிருந்து ஒரு பெண். அவளுடைய கணவர் அதே கம்பெனிக் கப்பலிலிருந்து இறங்கி இரண்டு மாதமாகிறது. மாமனாருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். ஆறு மாதம், எட்டு மாதம் என்று போக வழியில்லாததால் திரும்பப் போகமாட்டேன் என்று சொல்லிவிட்டு, பக்கத்து எஸ்டேட்டில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். ஆபீஸின் பட்டியலில் அவர் விலகியவர். நான்கு மாதம் என்றால் கணவரின் தம்பி அப்பாவைப் பார்த்துக்கொள்வான் என்றாள் அந்தப் பெண். ஆனால் அவர் ஒத்துக்கொள்வாரா என்று தெரியாது என்றாள்.

அடுத்த ஞாயிறு நான் திருமழிசை போனேன். அக்காவும் பூந்தமல்லியிலிருந்து பஸ்ஸில் வந்துவிட்டார். அந்த மனிதர் எங்களை மரியாதையாக வரவேற்றார், ஆனால் முகத்தில் நம்பிக்கை இல்லை. கம்பெனி சொல்லும், செய்யாது என்றார். பிறகு, அந்தக் கப்பலில் கிரேன் எந்த வகை என்று மட்டும் கேட்டார். எனக்குத் தெரியாதே. என் மனைவியைக் கூப்பிட்டு போனை அவரிடம் கொடுத்தேன்.

ஒரு மணி நேரம் பேசினார்கள். அவர் ஒரு காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கம் கோடு கோடாக வரைந்தார். நடுவில் ஒரு முறை, "அப்படியா பண்ணி வச்சிருக்கான்?" என்று கோபப்பட்டார். அதற்கு அந்தப் பக்கம் என் மனைவியின் சிரிப்புக் கேட்டது. நாங்கள் மூன்று பேரும் ஒரு சொல்லும் விளங்காமல் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர் மனைவி என்னிடம் மெல்லச் சொன்னாள், "இவர் இப்படிப் பேசிப் பார்த்து ரொம்ப நாளாச்சுண்ணா."

அதன்பிறகும் எல்லாம் உடனே நடந்துவிடவில்லை. கம்பெனியில் மேலே கேட்டு, கீழே கேட்டு, காகிதம் வர நாளாயிற்று. அந்த ஒரு கப்பலில் மட்டும் முயன்று பார்ப்போம் என்று மேலாளர் ஒத்துக்கொண்டார். இறங்கும் தேதியை எழுத்தில் கொடுத்தார். தேதி தள்ளிப்போனால் காரணத்தை ஆபீஸே வீட்டுக்குக் கூப்பிட்டுச் சொல்லும் என்றும் எழுதிக் கொடுத்தார். திருமழிசைக்காரர் சிங்கப்பூரில் ஏறினார், என் மனைவி இறங்கினாள். எழுதிய தேதியிலிருந்து மூன்று நாள் தள்ளிப்போயிற்று, வழியில் புயல். நான் கேட்பதற்கு முன்பே அந்த ஆபீஸ் பெண் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். அந்த மூன்று நாளும் எனக்கு மூன்று நாளாகத்தான் இருந்தது.

விமான நிலையத்தில் மகள் என் காலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். என் மனைவி அவளை இழுக்கவில்லை. தள்ளுவண்டியின் விளிம்பில் உட்கார்ந்து, ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். மகள் எட்டி எட்டிப் பார்த்தாள். காரில் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து என் பக்கமே சாய்ந்துகொண்டு வந்தாள். கரையான்சாவடி தாண்டியபோது தூக்கம் வந்தது. சாய்வதற்கு அம்மாவின் மடிதான் வாகாக இருந்ததோ என்னவோ, அந்தப் பக்கம் சாய்ந்து தூங்கிவிட்டாள். என் மனைவி வீடு வரும்வரை அசையவே இல்லை. இறங்கும்போது அவளுக்குக் கால் மரத்துப்போயிருந்தது.

இதெல்லாம் நடந்து மூன்று வருடமாகப்போகிறது. அவள் அதே கப்பலுக்கு நான்கு முறை போய்வந்துவிட்டாள். கஷ்டம் இல்லாமல் இல்லை. பட்டறையில் எனக்கு வரவேண்டிய சூப்பர்வைசர் இடம், ஷிஃப்ட் பார்க்க மாட்டேன் என்றதால் வேறொருவருக்குப் போயிற்று. ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசாமல் இருந்தேன். மகளுக்கு அம்மை போட்டபோது அவள் நடுக்கடலில் இருந்தாள். ஆனால் மகள் இப்போது நாள்காட்டியில் கட்டம் கட்டமாக அடித்துக்கொண்டே வருகிறாள், அம்மா எந்தக் கட்டத்தில் வருவாள் என்று அவளுக்குத் தெரியும். திருமழிசைக்காரரின் அப்பா போன வருடம் காலமானபோது அவர் வீட்டில் இருந்தார். இன்னும் சில கப்பல்களில் இதேபோல இரண்டு இரண்டு பேராகச் சேர்த்திருக்கிறார்கள். பூந்தமல்லி அக்கா வாரத்தில் மூன்று நாள் ஆபீஸுக்குப் போகிறார். குடும்பங்களைக் கூப்பிட்டுப் பேசுவதுதான் அவருக்கு வேலை. மற்ற நாளில் தையல்.

போன மாதம் மேலாளர் என் மனைவியைக் கூப்பிட்டார். ஒரு கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிற மாணவிகளிடம் கப்பல் வேலையைப் பற்றிப் பேச வேண்டும் என்றார். விடுமுறையில் வீட்டில் இருந்தாள், சரி என்றாள். நீயும் வா, உன் பக்கத்தையும் சொல், பொய் சொல்லக் கூடாது என்றாள். போனேன். அவள் கிரேனைப் பற்றியும் புயலைப் பற்றியும் பேசியபோது அந்தப் பெண்கள் பேசாமல் கேட்டார்கள். கேள்வி நேரத்தில் ஒரு பெண் எழுந்து, அவளிடம் கேட்காமல் என்னிடம் கேட்டாள், உங்களுக்குக் கஷ்டமாக இல்லையா சார் என்று. இருக்கிறது என்றேன். எப்போது வருவாள் என்று தெரிந்தால் தாங்கிக்கொள்ளலாம் என்றேன். என் மனைவி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஐந்து பேர் விண்ணப்பம் வாங்கிக்கொண்டார்கள். வெளியே டீக்கடையில் நின்றபோது ஒருவர் என்னிடம் வந்தார். அந்த ஐந்து பேரில் ஒரு பெண்ணின் அப்பா, அம்பத்தூரில் ஆட்டோ ஓட்டுகிறவர். அவர் என் மனைவியிடம் எதுவும் கேட்கவில்லை. என்னிடம்தான் அரைமணி நேரம் கேட்டார். சாப்பாடு எப்படி, உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள், நாளைக்குக் கல்யாணமென்று வந்தால் மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள் என்று. தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். டீக்கு அவரே காசு கொடுத்தார். இன்னும் நிறையக் கேட்கவேண்டியிருக்கிறது, போன் செய்யலாமா சார் என்றார். ஞாயிற்றுக்கிழமை காலையில் மகளையும் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுங்கள் என்று முகவரி சொன்னேன். என் மனைவி கிளம்ப இன்னும் மூன்று ஞாயிறு இருக்கிறது.